ஒரே மாடு, ஏழு படங்கள்: விலங்குகளை வரையவும் டிஜிட்டலில் தீட்டவும் ஆறு மாத வழிகாட்டி

என் மேசைக்கு எதிரே சுவரில் ஒரே மாட்டின் ஏழு படங்கள் ஒட்டியிருக்கின்றன. முதல் படத்தில் இருப்பது மாடு என்று நான் சொன்னால்தான் தெரியும். உடம்பு சாக்கு மூட்டை, கால்கள் நாற்காலிக் கால்கள். ஏழாவது படத்தைப் பார்த்ததும் மாட்டுக்காரரே "லட்சுமி" என்று பெயர் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் ஆறு மாதம், நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். எங்கள் ஊர் காங்கேயம் பக்கம் என்பதால் எனக்கு மாடு. உங்களுக்குத் தெருநாயோ, வீட்டுப் பூனையோ, மாடியில் வந்து உட்காரும் காக்கையோ இருக்கலாம். தினமும் நேரில் பார்க்க முடிகிற விலங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஆறு மாதத்தில் எந்த மாதம் என்ன செய்வது, எதை ஒத்திப்போடுவது, எங்கே சறுக்கும் என்பதை நான் பட்ட வரிசையிலேயே எழுதுகிறேன். டிஜிட்டல் பேனா மூன்றாம் மாதத்தின் பாதியில்தான் வரும். அதுவரை காகிதம்தான். அவசரப்பட்டு முதல் நாளே டேப்லெட் வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கினேன். இரண்டு மாதம் பெட்டியிலேயே கிடந்தது.

முதலில் ஒரு தேர்வு

படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு உங்கள் விலங்கை ஒரு புகைப்படம் எடுங்கள். காலை எட்டு மணிக்கு முன்போ மாலை நான்குக்குப் பிறகோ எடுத்தால் வெயில் சாய்வாக விழும். உடம்பின் மேடுபள்ளம் தெரியும். உச்சி வெயிலில் முதுகு வெளுத்து வயிறு இருண்டு எல்லாம் தட்டையாகிவிடும். போனை உங்கள் கண் உயரத்தில் பிடிக்காமல், குனிந்து விலங்கின் மார்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மிகக் கிட்டே போகாதீர்கள். போன் கேமரா அருகில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். நாயின் மூக்கு பூசணிக்காய் ஆகிவிடும். நாலைந்து தப்படி தள்ளி நின்று கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். நேர் பக்கவாட்டிலிருந்து சற்று முன்னால் நகர்ந்து, மார்பும் விலாவும் இரண்டும் தெரிகிற கோணம் நல்லது.

இனி அந்தப் படத்தைப் பார்த்து 45 நிமிடம் வரையுங்கள். எவ்வளவு மோசமாக வந்தாலும் தேதி போட்டு எடுத்து வையுங்கள். அதுதான் பூஜ்யம் மாதம்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அதே புகைப்படம், அதே 45 நிமிடம். முந்தைய மாதப் படத்தைப் பார்க்காமல் வரைய வேண்டும். முடித்த பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் மூன்று குறைகளை எழுதுங்கள். "நன்றாக இல்லை" என்று எழுதினால் பயனில்லை; "பின்னங்கால் தரையில் ஊன்றவில்லை", "கண் நெற்றிக்கு ஏறிவிட்டது" என்று எழுத வேண்டும். மூன்றில் ஒன்றுதான் அடுத்த மாத வேலை. மற்ற இரண்டும் காத்திருக்கட்டும்.

மாதாமாதம் புதுப்புது விலங்குகளாக வரைந்து, முதல் மாதம் பூனை, கடைசி மாதம் புலி என்று ஒப்பிட்டால் எது முன்னேறியது என்று ஒருபோதும் தெரியாது. புலிக்குக் கோடுகள் இருப்பதாலேயே படம் நன்றாக வந்தது போலத் தோன்றும்.

முதல் மாதம்: ஓடுகிறதை வரைவது

தேவையானவை: ஒரு கட்டு ஏ4 காகிதம், ஒரு அட்டை, ஒரு பால்பாயின்ட் பேனா. பென்சில் வேண்டாம். பென்சில் இருந்தால் அழிரப்பர் கேட்கும். அழிரப்பர் இருந்தால் ஒரு காதை இருபது நிமிடம் திருத்திக்கொண்டிருப்பீர்கள். அதற்குள் ஆடு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

தினமும் அரை மணி நேரம் வெளியே உட்காருங்கள். ஒரு படத்துக்கு முப்பது விநாடி. முதல் கோடு கழுத்தில் தொடங்கி முதுகு வழியாக வால் வரை ஒரே இழுப்பாக வர வேண்டும். அப்புறம் எடையைத் தாங்கும் கால் எது என்று பார்த்து அதற்கு ஒரு கோடு. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு கோடு. நேரம் இருந்தால்தான் மற்றவை. கண், மீசை, மூக்குத் துளை எதுவும் இந்த மாதம் கிடையாது.

விலங்கு அசைந்துவிடும். எல்லோரும் இங்கேதான் கைவிடுகிறார்கள். அசைந்தால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டு அதே தாளில் பக்கத்தில் அடுத்ததைத் தொடங்குங்கள். விலங்குகள் பழக்கத்துக்கு அடிமைகள். ஐந்து நிமிடத்தில் பழைய நிலைக்கே திரும்பி வரும். வந்ததும் விட்ட படத்தைத் தொடரலாம். ஒரு தாளில் ஆறு அரைகுறைப் படங்கள் ஒரே நேரத்தில் வளரும். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போனபோது புலி அடைப்பின் முன்னால் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். புலி ஒரே தடத்தில் போய்ப் போய்த் திரும்பியது. திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு விநாடி தோள் உயர்ந்து தலை தாழும். அந்த ஒரு விநாடியை நாற்பது தடவை பார்த்தேன். பூங்கா முழுவதையும் சுற்றிப் பார்த்திருந்தால் அது கிடைத்திருக்காது. (செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை. ஒருமுறை அந்தக் கிழமையில் போய் வெளிக்கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் சொல்கிறேன்.)

தொடக்கத்தில் தூங்கும் நாயில் ஆரம்பிக்கலாம், வெட்கமில்லை. அடுத்து அசைபோடும் மாடு. கோழி கடைசி. கோழி நிற்கவே நிற்காது.

இந்த மாதத்துக்கு இன்னொரு பயிற்சி: விலங்கை விட்டுவிட்டு அதன் கால்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடத்தை வரையுங்கள். நான்கு கால்களுக்கு நடுவில் மூன்று ஜன்னல்கள் தெரியும். ஜன்னலின் வடிவம் சரியாக வந்தால் கால்கள் தாமாகவே சரியாக நிற்கும். "கால் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று மூளை சொல்லிக்கொடுப்பதை நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அளவுக்கு, தலையை ஒரு முழமாக வைத்துக்கொள்ளுங்கள். நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை பேனாவால் அளந்து, மார்பிலிருந்து பின்புறம் வரை அது எத்தனை தடவை போகிறது, தரையிலிருந்து முதுகு வரை எத்தனை தடவை என்று பாருங்கள். குதிரைக்கு இரண்டுமே ஏறக்குறைய இரண்டரைத் தலை என்பது பழைய ஓவியர் கணக்கு. உங்கள் விலங்கின் கணக்கை நீங்களே கண்டுபிடித்துத் தாளின் மூலையில் எழுதுங்கள். தலையை நாம் அதிகம் பார்ப்பதால் பெரிதாக வரைந்துவிடுவோம். என் பூஜ்யம் மாதப் படத்தில் தலை, இருக்க வேண்டியதைப் போல ஒன்றரை மடங்கு.

இரண்டாம் மாதம்: எலும்பு

முதல் மாதக் கடைசிப் படத்தைப் பக்கத்துத் தோட்டத்து அப்பாரிடம் காட்டினேன். லட்சுமி அவருடையது. தாளை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, மாட்டுக்குப் பின்னங்காலு மனுசனாட்ட மடங்குமா?"

"போட்டோவைப் பாத்துத்தானுங்க அப்பாரு வரைஞ்சேன்."

"போட்டோவப் பாத்தே. மாட்டப் பாத்தியா?"

அவர் சொன்னது சரி. மாட்டின் பின்னங்காலில் நடுவில் பின்னோக்கி மடங்கும் மூட்டை நான் முழங்கால் என்று நினைத்திருந்தேன். அது குதிகால். உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே, தோலுக்குள் பாதி மறைந்து, நம் முழங்கால் போலவே முன்னோக்கித்தான் மடங்குகிறது. முன்னங்காலில் நடுவில் இருப்பதும் முழங்கால் அல்ல, மணிக்கட்டு. முழங்கை மார்புக் கூட்டை ஒட்டி இருக்கிறது.

இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். தரையில் கையையும் காலையும் ஊன்றுங்கள். உள்ளங்கையும் பாதமும் முழுதாகத் தரையில் பட்டால் நீங்கள் கரடி. குதிகாலையும் உள்ளங்கையையும் தூக்கி விரல்களில் மட்டும் நின்றால் நாய், பூனை. விரல் நகத்தின் நுனியில் மட்டும் நிற்க முடிந்தால் மாடு, ஆடு, குதிரை. குளம்பு என்பது நகம்தான். உடம்பில் எங்கே இழுக்கிறது என்று கவனித்த பிறகு காகிதத்தில் தப்பு வருவது குறைந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு செய்வது நல்லது.

இன்னொன்று, நாய்க்கும் பூனைக்கும் மாட்டுக்கும் நம்மைப் போல முன்காலை உடம்போடு பூட்டும் காறை எலும்பு (கழுத்தடியில் குறுக்கே ஓடுவது) இல்லை. மாட்டுக்கு அது அறவே கிடையாது. பூனைக்குச் சின்னத் துண்டாக, எதிலும் பூட்டாமல் கிடக்கும். முன்னுடம்பு முழுவதும் தசையால் ஆன தொட்டிலில் தொங்குகிறது. பூனை பதுங்கி நடக்கும்போது இரண்டு தோள் எலும்புகளும் முதுகுக்கு மேலே மாறி மாறி எழுவது இதனால்தான். இதைத் தெரிந்துகொண்ட அன்றே என் புலிகள் நடக்க ஆரம்பித்தன.

தினப்பயிற்சி இப்படி: உங்கள் புகைப்படங்களை அச்செடுத்து, அதன்மேல் டிரேசிங் தாள் வைத்து, விலாக்கூடு ஒரு முட்டை, இடுப்பு ஒரு பெட்டி, தலை ஒரு பெட்டி, மூன்றையும் இணைக்கும் முதுகெலும்பு ஒரு கயிறு என்று வரையுங்கள். மூட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. பத்துப் படங்களுக்குப் பிறகு டிரேசிங் தாளை எடுத்துவிட்டு, அதே எலும்பைப் பக்கத்துத் தாளில் பார்த்து வரையுங்கள். பிறகு அதன்மேல் தோல். இந்த மாதம் சலிப்பாக இருக்கும், உண்மைதான். ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஆங்கில ஓவியர் குதிரையைத் தெரிந்துகொள்வதற்காக ஹார்க்ஸ்டோ என்ற கிராமத்துப் பண்ணை வீட்டில் ஒன்றரை வருடம் குதிரைச் சடலங்களை அறுத்து அடுக்கடுக்காக வரைந்தார். அது 1766-இல் புத்தகமாக வந்தது. நமக்கு டிரேசிங் தாள் போதும்.

நடையையும் இந்த மாதமே பழகிவிடுங்கள். மாடு, நாய், குதிரை நிதானமாக நடக்கும்போது கால் விழும் வரிசை: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். 1821-இல் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ தீட்டிய எப்சம் பந்தயப் படத்தில் குதிரைகள் முன்கால்கள் முன்னாலும் பின்கால்கள் பின்னாலும் விரித்துக்கொண்டு பறக்கின்றன. அப்படி எந்தக் குதிரையும் ஓடுவதில்லை. 1878-இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கலிஃபோர்னியாவில் ஓடுதடத்தின் ஓரம் வரிசையாகக் கேமராக்களை வைத்து எடுத்த படங்கள் அதைக் காட்டிக்கொடுத்தன. நான்கு கால்களும் தரையைவிட்டு எழுவது, அவை வயிற்றுக்கு அடியில் குவிந்திருக்கும் கணத்தில்தான். இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. 2012-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் நடக்கும் விலங்குகளின் ஆயிரம் ஓவிய, சிற்பங்களைச் சோதித்தார்கள். மைபிரிட்ஜுக்குப் பிறகு வந்தவற்றிலேயே சுமார் 58 விழுக்காட்டில் கால் வரிசை தப்பு. குகை மனிதர்கள் வரைந்தவற்றில் தப்பு சுமார் 46 விழுக்காடுதான். அவர்கள் மாட்டைப் பார்த்திருக்கிறார்கள், அப்பாரு சொன்ன மாதிரி.

மூன்றாம் மாதம்: முகம், பிறகு பேனா

முதல் இரண்டு வாரம் தலை மட்டும்.

கண்ணில் தொடங்கலாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் குதிரைக்கும் கண்மணி கிடைமட்டமாக நீண்டிருக்கும். ஆட்டுக்குச் செவ்வகம் போலவே தெரியும். வீட்டுப் பூனைக்கு வெளிச்சத்தில் செங்குத்துக் கோடு. ஆனால் புலிக்கு வட்டம். பெரிய பூனை என்று நினைத்துக் கோடு போட்டால் புலி பொம்மையாகிவிடும். ஆடு மேய்வதற்குத் தலையைக் குனிந்தாலும் கண் உள்ளே சுழன்று கண்மணியைத் தரைக்கு இணையாகவே வைத்திருக்கும். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைச் சோதித்துப் பார்த்தேன். கொஞ்சம் அமானுஷ்யமாகத்தான் இருந்தது.

மாட்டுக்குக் காது கொம்புக்குக் கீழே, சற்றுப் பின்னால் தள்ளி, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். கொம்பையும் காதையும் ஒரே இடத்தில் முளைக்கவிட்டால் தலை குழம்பிவிடும். கண்ணின் மேலிமை ஒரு நிழலைக் கண்மேல் போடுகிறது. அந்த நிழலை விட்டுவிட்டு வெள்ளைப் புள்ளி மட்டும் வைத்தால் கண் வெளியே பிதுங்கும்.

மூன்றாம் வாரம் டேப்லெட். திரையில்லாத சாதாரண வரைபலகையே போதும். ஹுயோன், எக்ஸ்பி பென், வாகம் எதுவானாலும் சரி. கணினிக்குக் கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இலவசம், அதுவே ஏராளம். ஐபேட் வைத்திருப்பவர்கள் புரோகிரியேட் வாங்கலாம். போன் மட்டும்தான் என்றால் ஐபிஸ் பெயின்ட்டில் தொடங்குங்கள். விரலால் வரையாதீர்கள், மலிவான பேனாவாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

செட்டிங்கில் இரண்டை முதலில் சரிசெய்ய வேண்டும். வரைபலகையின் நீள அகல விகிதம் திரையின் விகிதத்தோடு பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் போடும் வட்டம் திரையில் முட்டையாக விழும். நான் பத்து நாள் என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன், குற்றவாளி இந்த விகிதம். இரண்டாவது, பேனா அழுத்தம். லேசாகத் தொட்டால் மெல்லிய கோடும் அழுத்தினால் தடித்த கோடும் வருகிறதா என்று பார்த்து, உங்கள் கைக்கு ஏற்ப வளைவை மாற்றுங்கள். கோட்டை நேராக்கும் ஸ்டெபிலைசரைக் குறைவாகவே வையுங்கள். அதிகமானால் கோடு வழவழவென்று வரும், உயிர் இருக்காது.

கேன்வாஸ் 2480 × 3508 பிக்சல். அதுதான் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏ4. கணினி திணறினால் பயிற்சிக்குப் பாதி அளவு போதும்.

முதல் வாரம் திரையில் விலங்கே வேண்டாம். கோடு, வட்டம், புள்ளியிலிருந்து புள்ளிக்கு இழுப்பு. கை ஓரிடத்திலும் கண் ஓரிடத்திலும் இருப்பது பழக ஒரு வாரம் ஆகும். பிறகு முதல் மாதத்து முப்பது விநாடிப் படங்களைத் திரையில் திரும்பச் செய்யுங்கள். போட்ட கோட்டைத் திரும்பப் பெறும் அன்டூ விசையைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு.

அந்த மாதக் கடைசிப் படத்தைத் திரையில் வரைந்தேன். இரண்டாம் மாதத்தைவிட மோசம். சுவரில் அதுதான் நாலாவது. அவமானமாக இருந்தாலும் எடுக்கவில்லை. உங்களுக்கும் இந்தச் சரிவு வரும். கருவி மாறியதால் வருவது அது, கண் பின்னால் போகவில்லை.

நான்காம் மாதம்: நிறமில்லாமல் ஒளி

வண்ணத்துக்குப் போக மனசு துடிக்கும். போகாதீர்கள். கறுப்பு, வெள்ளை, நடுவில் மூன்று சாம்பல், ஆக ஐந்தே டோன்கள், அதாவது வெளுப்பு-இருட்டின் ஐந்து படிகள். இந்த மாதம் முழுவதும் அதுதான்.

வேலை வரிசை: லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி. முதல் லேயரில் கோட்டுப்படம். அதன்கீழே இன்னொரு லேயரில் விலங்கின் முழு உருவத்தையும் ஒரே சாம்பலால் நிரப்புங்கள். இந்த நிழலுருவத்தைப் பார்த்தே என்ன விலங்கு என்று தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் திரும்பிப் போய்க் கோட்டைத் திருத்துங்கள். அதன்மேல் மூன்றாவது லேயர் போட்டு, உருவத்துக்கு வெளியே பூசாதபடி பூட்டுங்கள். புரோகிரியேட்டிலும் ஐபிஸிலும் இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். கிரிட்டாவில் இரண்டு லேயரையும் ஒரு குரூப்பில் போட்டு, மேலே இருப்பதற்கு இன்ஹெரிட் ஆல்ஃபாவை அழுத்தினால் போதும். இந்த லேயரில் நிழல். நிழலை ஒரே டோனில், ஒரே வடிவமாக, பெரிய பிரஷ்ஷால் போடுங்கள். அதற்குமேல் ஒளி. கோட்டு லேயரை அணைத்துவிட்டுப் பாருங்கள். மாடு இன்னும் நிற்கிறதென்றால் கோடு வேலையை முடித்துவிட்டது.

ரோமம் கிடையாது. ஜூம் கிடையாது. படம் முழுவதும் திரைக்குள் தெரிகிற அளவிலேயே வேலை செய்யுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படத்தை இடவலமாகப் புரட்டுங்கள். கிரிட்டாவில் எம் விசை. புரட்டியதும் கண்ணுக்குப் பழகிப்போயிருந்த கோணல் எல்லாம் கத்திக்கொண்டு வெளியே வரும்.

இந்த மாதத்தின் சிறந்த பாடம் எருமையும் அதன் முதுகில் உட்கார்ந்த உண்ணிக்கொக்கும். எருமை கறுப்பு, கொக்கு வெள்ளை என்று மூளை சொல்லும். மாலை வெயிலில் உற்றுப் பாருங்கள். வெயில் பட்டு ஈரமாக மின்னும் எருமை முதுகு, நிழலில் இருக்கும் கொக்கின் வயிற்றைவிட வெளுப்பாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்து ஐந்து டோனில் வைத்தால் இந்த மாதம் பாஸ்.

மாமல்லபுரம் போக வாய்ப்பிருந்தால் இந்த மாதம் போங்கள். பாறையில் நிறம் இல்லை, ரோமம் இல்லை. வெயிலும் உருவமும் மட்டும்தான். அருச்சுனன் தபசில் பெரிய யானையின் காலடியில் குட்டிகள், தவம் செய்யும் பூனை, பக்கத்தில் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது கன்றை நக்கும் பசு. அந்தப் பசுவின் கழுத்துத் திருப்பத்தில் அலைதாடி எப்படி மடிகிறது என்று வரைந்து பார்த்தேன். மூன்று மடிப்புகள்தான் செதுக்கியிருப்பதாகத் தோன்றியது. நான் பதினைந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு விபத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதத்து வேலையில் பாதியை ஜேபெக்காகச் சேமித்துவிட்டு மூலக் கோப்பை மூடிவிட்டேன். ஜேபெக்கில் லேயர்கள் தங்காது, எல்லாம் ஒன்றாக ஒட்டிவிடும். கிரிட்டா என்றால் அதன் சொந்த கேஆர்ஏ வடிவத்தில் சேமியுங்கள், தேதியைப் பெயரோடு சேர்த்து, இரண்டு இடங்களில்.

ஐந்தாம் மாதம்: நிறம்

சாம்பல் படத்தின்மேல் கலர் மோடில் (அடியில் உள்ள டோனை மாற்றாமல் நிறத்தை மட்டும் ஏற்றும் அமைப்பு) ஒரு லேயர் போட்டு நிறம் பூசும் முறை எல்லா வீடியோவிலும் இருக்கிறது. செய்து பாருங்கள், படம் தூசி படிந்த மாதிரி வரும். நிழலில் நிறம் வெறும் இருட்டாகாது, நிறமே மாறும் என்பதால் அப்படி. ஆகவே முதல் வாரத்துக்குப் பிறகு நேரடியாக நிறத்தில் தொடங்குங்கள், நான்காம் மாதத்து டோன் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு.

காங்கேயம் மாடு இதற்கு நல்ல ஆசிரியர். கன்று பிறக்கும்போது செந்நிறம். ஆறு மாதம் வாக்கில் சாம்பலாகிவிடும். பூச்சிக்காளைக்கு, அதாவது இனப்பெருக்கக் காளைக்கு, திமிலிலும் முன்புறத்திலும் பின்புறத்திலும் கருமை ஏறும். எருதுகள் சாம்பலாகவே நிற்கும். மயிலை, செவலை, காரி என்று எங்கள் பக்கம் நிறத்துக்கே பெயர்கள் உண்டு. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால் ஒரே மைதானத்தில் நூற்றுக்கணக்கான சாம்பல்களைப் பார்க்கலாம். எதுவும் கணினித் தட்டில் இருக்கும் சாம்பல் இல்லை. முதுகின்மேல் வானத்தின் நீலம் விழுகிறது. வயிற்றின் அடியில் செம்மண் தரையிலிருந்து எழும் ஒளி ஆரஞ்சாகப் படிகிறது. காதின் பின்னாலிருந்து வெயில் அடித்தால் காது ரத்தச் சிவப்பாக ஒளிரும்.

எனவே மூன்று கேள்விகள்: மேலே பார்க்கும் பரப்பில் எது பிரதிபலிக்கிறது? கீழே பார்க்கும் பரப்பில் எது? வெயில் நேராகப் படும் இடம் எவ்வளவு மஞ்சள்? ஒவ்வொரு பிரஷ் இழுப்புக்கும் முன் இவற்றில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்பு விலங்குக்குச் சுத்தக் கறுப்பைத் தொடவே தொடாதீர்கள். காக்கையின் கழுத்துச் சாம்பலையும் சிறகின் நீல மினுக்கத்தையும் வரைந்தால் ஏன் என்று புரியும்.

புகைப்படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுக்கும் கருவியை இந்த மாதம் அணைத்து வைத்துவிடுங்கள். முதலில் கண்ணால் ஊகித்துப் பூசுங்கள், பிறகு சரிபார்க்க மட்டும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறீர்கள் என்பதைப் பார்க்கும்போதுதான் கண் பழகுகிறது. எனக்கு நிழல் எப்போதும் அடர்நீலமாகவே வந்தது. உண்மையில் பாதி இடங்களில் பழுப்பு.

பிரஷ்கள் மூன்று போதும்: கடின ஓரம் ஒன்று, மெத்தென்ற ஓரம் ஒன்று, சொரசொரப்பு ஒன்று. ஐந்நூறு பிரஷ் இறக்கி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எனக்குண்டு. அவர் இன்னும் பிரஷ்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்.

பார்க்கும் படத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை

1515-இல் ஆல்பிரெக்ட் டியூரர் என்ற ஜெர்மன் ஓவியர் காண்டாமிருகத்தை நேரில் பார்க்காமலேயே, லிஸ்பனிலிருந்து வந்த விவரிப்பையும் கோட்டுப்படத்தையும் வைத்து மரச்செதுக்குப் படம் செய்தார். தோல் மடிப்புகள் இரும்புக் கவசமாகிவிட்டன, தோளில் இல்லாத சின்னக் கொம்பு ஒன்று முளைத்தது. பார்த்து வரைந்தவர்கள் அந்தக் கொம்பையும் சேர்த்தே நெடுங்காலம் வரைந்தார்கள். இன்னொருவர் ஓவியத்தைப் பார்த்துப் பழகினால் அவர் தப்பும் உங்கள் கைக்கு வந்துவிடும்.

இன்று இதைவிட ஆபத்து, இணையத்தில் தேடினால் வந்து விழும் ஏஐ படங்கள். ரோமம் பிரமாதமாக இருக்கும். கால் எண்ணிப் பார்த்தால் கணக்கு உதைக்கும். கோயில் யானையை வரைய ஆப்பிரிக்க யானைப் படத்தை எடுப்பதும் நடக்கிறது. நம் யானைக்கு நெற்றியில் இரட்டை மேடு, சின்னக் காது, வளைந்து உயர்ந்த முதுகு, தும்பிக்கை நுனியில் ஒரே விரல். ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. அடுத்தவர் புகைப்படத்தைப் பார்த்துத் தீட்டி விற்கப் போகிறீர்கள் என்றால் அனுமதி வாங்குங்கள். விக்கிமீடியா காமன்ஸில் ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமம் எழுதியிருக்கும், படித்துவிட்டு எடுங்கள்.

ஆறாம் மாதம்: ரோமமும் ஒரு முழுப்படமும்

ஐந்து மாதமாகத் தள்ளிப்போட்ட ரோமம் இப்போது. முதலில் தனி லேயரில் உடம்பு முழுவதும் அம்புக்குறிகள் போடுங்கள், ரோமம் எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று. மூக்கிலிருந்து நெற்றிக்கு ஏறும், கழுத்தில் பின்னோக்கி ஓடும், நெற்றி நடுவில் சுழி இருக்கும். மாட்டுக்காரர்கள் சுழி பார்த்தே மாடு வாங்குகிறார்கள். ஓவியருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு அம்பை அணைத்துவிட்டு, ஒவ்வொரு மயிராக வரையாமல், மூன்று இடங்களில் மட்டும் ரோமத்தைக் காட்டுங்கள்: உருவத்தின் வெளி விளிம்பு, ஒளியும் நிழலும் சந்திக்கும் கோடு, ரோமம் திசை மாறும் இடம். மற்ற இடங்களைப் பார்ப்பவரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும். முழு வெளிச்சத்திலும் முழு நிழலிலும் ரோமம் தெரிவதில்லை, போய்ப் பாருங்கள். மாட்டுக்கு ரோமம் குட்டை. விளிம்பில்கூட மிகக் கொஞ்சம்தான். நாட்டு நாய்க்கும் அப்படியே. அணிலின் வாலுக்கு வேண்டுமானால் கை வலிக்க வரையலாம்.

யானைத் தோலில் சுருக்கங்கள் கோணிப்பை மாதிரி எங்கும் ஒரே சீராக இல்லை. மூட்டைச் சுற்றி வளையமாகவும் தும்பிக்கையில் குறுக்காகவும் உருவத்தின் வளைவோடு சேர்ந்து ஓடுகின்றன. நம் யானைகளுக்குக் காதோரத்திலும் தும்பிக்கையிலும் நிறம் வெளிறிய இளஞ்சிவப்புத் தேமல் இருக்கும். அதை வைத்தால் யானை உடனே நம்மூர் யானை ஆகிவிடும்.

கடைசி இரண்டு வாரம் ஒரே படம். சின்னதாக, தீப்பெட்டி அளவில் பத்து அமைப்புகள் வரைந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஐந்து டோன், அப்புறம் நிறம், கடைசியில் விளிம்புகள். தலைப்பக்கம் விளிம்பு கூர்மையாக இருக்கட்டும். பின்னங்காலும் வயிறும் பின்னணியில் கரையட்டும். பின்னணிக்கு இடம் தெரிந்தால் போதும். ஜஹாங்கீரின் அரசவையில் உஸ்தாத் மன்சூர் 1621-இல் தீட்டிய வரிக்குதிரையைச் சுற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் அந்த உடம்பின் மேட்டையும் பள்ளத்தையும் சொல்லிக்கொண்டே போகிறது.

மாதக் கடைசித் தேர்வை இந்த மாதமும் விடக்கூடாது. முழுப்படம் வேறு, தேர்வு வேறு. 45 நிமிடம் முடிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும்.

ஏழாவது லட்சுமியை அச்செடுத்து அப்பாரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெயரைச் சொல்லி, சாணிக் கை படாமல் தாளை ஓரமாகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பின்னங்காலை விரலால் தொட்டுத் தலையாட்டினார். அப்புறம் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாஞ் செரி கண்ணு. வாலு மட்டும் என்ற மாட்டு வாலில்லெ."

போய்ப் பார்த்தேன். வால் இறங்கும் இடத்தில் முதுகெலும்பு சட்டென்று முடிந்து, ஒரு சின்ன மேடு எழுந்து, அதற்குப் பிறகுதான் வால் தொங்குகிறது. என் படத்தில் அந்த மேடே இல்லை. வால் ஆணியில் மாட்டிய கயிறு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழாம் மாதத்தின் முதல் தாளில் இப்போது பதினாறு வால்கள் இருக்கின்றன, எல்லாம் பால்பாயின்ட்டில்.